பக்கம்தான்னு நான் சொன்ன அந்த 700 மீட்டர்

“அக்கா, யுனிவர்சிட்டி எதிர்லதான் இருக்குன்னு மேப் காட்டுது, ஆனா போறதுக்கு வழியே இல்லக்கா.”

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நவம்பர் மாசம். சாயங்காலம் அஞ்சரை இருக்கும், வேலை முடிஞ்சு காடி, அதாவது கார், எடுக்கப் போறேன், அப்ப வந்த போன். பேசுனது என் சித்தப்பா மக, திருநெல்வேலிக்காரி. இங்க ரப்பர்த் தோட்டங்கள்ல பாடுன தோட்டப்புறப் பாட்டுகளப் பத்தி ஆராய்ச்சி பண்றா, கோலாலம்பூர்ல, நாங்க கே.எல்.னு சொல்ற ஊர்ல, இருக்கற மலாயா பல்கலைக்கழகத்துல, சுருக்கமா யூ.எம்.ல, ரெண்டு மாசம் தங்கி லைப்ரரியில பழைய புத்தகங்களப் பார்க்கணும்னு வந்திருந்தா. வந்து ரெண்டாவது நாள்தான். பின்னாடி லாரி சத்தம், மழை சத்தம், நடுவுல அவ குரல். “எங்க நிக்கிறம்மா?”ன்னு நான் கேட்டா பெரிய ரோட்டு ஓரம்னு மட்டும் சொல்றா. அது ஃபெடரல் ஹைவே. கே.எல்.ல இருந்து கிள்ளான் வரைக்கும் போற ரோடு, அந்த நேரத்துல மோட்டர் பைக்கும் காடியும் லாரியும் ஒரு செகண்ட் இடைவெளி விடாம ஓடிட்டு இருக்கும்.

அந்த ரூம எடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக் கேட்டிருந்தா. “கேம்பஸ்ல இருந்து 700 மீட்டர்”னு போட்டிருந்துச்சு, வாடகையும் கம்மி. நான் பார்த்துட்டு “பக்கம்தான்மா, எடுத்துடு”ன்னு சொல்லிட்டேன். 30 வருஷத்துக்கு மேல இந்த ஊர்ல இருக்கேன், அதே யூ.எம்.ல படிச்சவ நான், எனக்கே அந்த 700 மீட்டருக்கு நடுவுல ஒரு ஹைவே ஓடுதுன்னு தோணல, ஏன்னா நான் காடியில போற ஆளாயிட்டேன். அன்னிக்கி அவள ஏத்திக்கிட்டு வந்து தலை துவட்ட துண்டு குடுத்தப்ப எனக்கு உண்மையிலயே மனசு கஷ்டமா இருந்துச்சு. அதுக்கப்புறம் ஊர்ல இருந்து யாராவது யூ.எம்.க்கு வர்றேன்னு சொன்னா நான் சொல்ற முதல் விஷயம் இதுதான்: கே.எல்.ல தூரத்தப் பார்க்காதீங்க, கடக்கறதுக்கு வழி இருக்கான்னு பாருங்க.

இந்த ஊர் அப்படித்தான் வளர்ந்திருக்கு. மேடு, ஆறு, தண்டவாளம், அதுக்கு மேல ஹைவே. ரெண்டு இடம் கண்ணுக்கு எதிர்ல இருக்கும், நடந்து போக முடியாது. கே.எல். சென்ட்ரல்ங்கிற பெரிய ரயில் நிலையத்த எடுத்துக்கோங்க, மூசியம் நெகாரா, அதாவது தேசிய அருங்காட்சியகம், அதுக்குப் பின்னாடிதான், ஆனா 2017-ல எம்.ஆர்.டி. மெட்ரோ ஸ்டேஷன் வந்து நடைபாதை போட்ட பிறகுதான் அது நிம்மதியா நடந்து போற தூரமாச்சு, அதுக்கு முன்னாடி பாதிப் பேர் டாக்சி எடுத்துச் சுத்திட்டு வருவாங்க. மிட் வேலி மாலும் அப்படித்தான், அப்துல்லா ஹுக்கும் எல்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன் பக்கத்துலயே இருந்தாலும் பாலம் கட்டுன பிறகுதான் அது உண்மையிலயே பக்கம். ஒரு பாலம் இருந்தா பக்கம், இல்லன்னா தூரம். மலாய்ல ரோட்டுக்கு மேல போற நடைபாலத்த ஜெஜாந்தாஸ்னு சொல்லுவாங்க, இந்த ஒரு வார்த்தைய வரும்போதே மனப்பாடம் பண்ணிட்டு வாங்க. வழி கேக்கும்போது “எவ்வளவு தூரம்”னு கேட்டா எல்லாரும் பக்கம்தான்னு சொல்லுவாங்க, நான் சொன்ன மாதிரியே. “ஜெஜாந்தாஸ் எங்க இருக்கு”ன்னு கேட்டாத்தான் உருப்படியான பதில் வரும்.

அதனால ரூம் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், மத்தது எல்லாம் வந்து பார்த்துக்கலாம், ரூம் தப்பாப் போனா ரெண்டு மாசமும் போச்சு.

யூ.எம். 900 ஏக்கருக்கு மேல, உள்ளயே மேடு பள்ளம், ஏரி, காடு மாதிரி ஒரு தாவரத் தோட்டம் எல்லாம் இருக்கு. கே.எல்.லுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் நடுவுல உக்காந்திருக்கிறதால ஒரு பக்கம் கே.எல். கேட், இன்னொரு பக்கம் பி.ஜே. கேட். “யூ.எம். பக்கத்துல ரூம்”னு யாராவது சொன்னா முதல் கேள்வி, எந்த கேட் பக்கத்துல? அடுத்த கேள்வி, நீங்க தினமும் போகப்போற கட்டடம் அந்த கேட்ல இருந்து எவ்வளவு உள்ள? லைப்ரரிக்குப் போறவங்களுக்கும் யூ.எம். ஆஸ்பத்திரிப் பக்கம் போறவங்களுக்கும் ஒரே ரூம் சரியா வராது. உங்கள வரச்சொன்ன பேராசிரியர்கிட்டயோ ஆபீஸ்லயோ கட்டடத்தோட மலாய்ப் பேரக் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. கிராப்ல, அதாவது போன்ல காடி கூப்பிடற ஆப்ல, “யுனிவர்சிட்டி மலாயா”ன்னு மட்டும் போட்டா எங்கயோ ஒரு வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போயிருவாங்க, அங்க இருந்து வெயில்ல மேடு ஏறணும்.

அப்புறம் எல்.ஆர்.டி.ல “யுனிவர்சிட்டி”ன்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு, கெலானா ஜெயா லைன்ல. 1998-ல அந்த லைன் திறந்ததுல இருந்து வெளியூர்க்காரங்க அந்தப் பேர நம்பி ஏமாந்துட்டு இருக்காங்க. பேருதான் யுனிவர்சிட்டி, எறங்குனா கிரிஞ்சிப் பக்கம், ஹைவேக்கு இந்தப் பக்கம், கேம்பஸ் அந்தப் பக்கம். அங்க இருந்து பஸ் பிடிச்சுத்தான் கேம்பஸ் உள்ள போகணும். பஸ் வந்தா பத்து பதினஞ்சு நிமிஷம், பஸ் வரலன்னா நிக்க வேண்டியதுதான். அதனால அந்த ஸ்டேஷன் பக்கம் ரூம் எடுக்கறது தப்பில்ல, ஊருக்குள்ள போக ரொம்ப வசதி, ஆனா யுனிவர்சிட்டிக்கு நடந்தே போயிரலாம்னு நெனச்சு எடுக்காதீங்க. என் தங்கச்சி செஞ்சது அதுதான். மேப்ல நேர்கோடு பார்த்து நேர்கோட்டுலயே நடந்து ஹைவே ஓரத்துல போய் நின்னுட்டா.

பி.ஜே. பக்கம் வந்தா செக்‌ஷன் 12, 16, 17, அப்புறம் ஜாலான் காசிங் பக்கம் எல்லாம் பழைய குடியிருப்பு. மரம் இருக்கும், கடை இருக்கும், வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். எனக்குக் கேட்டா ரெண்டு வாரத்துக்கு மேல தங்கறவங்களுக்கு அந்தப் பக்கம்தான் நல்லது. ஒண்ணு மட்டும், அங்க ரோட்டுக்கெல்லாம் நம்பர்தான் பேரு, 17/1, 17/22-ன்னு போகும், முதல் நம்பர் செக்‌ஷன், ரெண்டாவது ரோடு, அது தெரிஞ்சா எல்லாம் புரிஞ்சிரும். ஆஸ்பத்திரி முன்னாடி போற பெரிய ரோட்டுக்கு இப்ப ஜாலான் ப்ரொஃபெசர் டிராஜா உங்கு அசிஸ்னு பேர் போட்டிருக்கும், 1968-ல இருந்து 88 வரைக்கும் யூ.எம். துணைவேந்தரா இருந்தவர் அவர். பழைய ஆளுங்க இன்னும் ஜாலான் யுனிவர்சிட்டின்னுதான் சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே ரோடுதான், பயப்படாதீங்க.

பணம் கட்டறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்ககிட்ட ஒண்ணு கேளுங்க: “மழை பெய்யும்போது வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப்புக்கு எப்படிப் போவீங்க?” அதுக்கு அவங்க யோசிக்காம பதில் சொன்னா ரூம் நல்ல ரூம். ஹோட்டல்னா இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 வெள்ளி டூரிசம் டேக்ஸ் உண்டு, 2017-ல இருந்து இருக்கு, ஆன்லைன்ல கட்டுன காசுல பெரும்பாலும் சேராது, கவுன்டர்ல தனியாக் கேப்பாங்க. பதினஞ்சு ராத்திரி தங்குனா 150 வெள்ளி. அந்தக் காச முன்னாடியே கணக்குல எடுத்துக்கோங்க. வெள்ளின்னா ரிங்கிட், இங்க நாங்க அப்படித்தான் சொல்லுவோம், கடையில அண்ணன் “எட்டு வெள்ளி”ன்னு சொன்னா முழிக்க வேணாம்.

வர்றதுக்கு முன்னாடி பேப்பர் வேலை. இந்தியப் பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்களுக்கு 2023 டிசம்பர்ல இருந்து 30 நாள் விசா இல்லாம வரலாம்னு சலுகை குடுத்தாங்க, டிக்கெட் போடறப்ப அது அப்பவும் இருக்கான்னு பார்த்துக்கோங்க. அது சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கு. யுனிவர்சிட்டியில மாசக்கணக்குல உக்காந்து ஆராய்ச்சி பண்றதுன்னா அது வேற, அந்த யுனிவர்சிட்டியோட வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்ல கேட்டு என்ன பாஸ் வேணுமோ அதுலதான் வரணும். வர்றதுக்கு மூணு நாளைக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல நிரப்பணும், அது இலவசம், அரசாங்கத்தோட பக்கத்துலயே பண்ணுங்க, காசு கேக்கற பக்கம் எதையும் நம்பாதீங்க. ஊரு நேரத்தவிட இங்க ரெண்டரை மணி நேரம் முன்னாடி. பிளக் மூணு சதுர முள் உள்ளது, நம்ம ஊரு உருண்ட முள்ளு சேராது, அடாப்டர் ஒண்ணு பையில போட்டுக்கோங்க.

ஏர்போர்ட்ல இருந்து ட்ரெயின்ல வந்தா அரை மணி நேரத்துல கே.எல். சென்ட்ரல், 55 வெள்ளி. பஸ்ல வந்தா அதுல மூணுல ஒரு பங்குக்கும் கம்மிதான், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். தனியா வர்றவங்க பஸ்ல வரலாம், ஒண்ணும் பயமில்ல. மூணு பேரா வந்தா கிராப்தான் லாபம், நேரா வீட்டு வாசல்லயே எறங்கிரலாம்.

நான் முதல்முதலா இந்த ஊருக்கு வந்தது 1991-ல. அப்பாவும் நானும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல இருந்து பஸ் ஏறி புடுராயா பஸ் ஸ்டேஷன்ல வந்து எறங்குனோம். அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவுற ஆளு, கே.எல். வந்தது அவருக்கு ரெண்டாவது தடவையோ மூணாவது தடவையோ. ஒரு துணிப்பை, ஒரு இரும்பு டிரங்கு பெட்டி. அப்பல்லாம் எல்.ஆர்.டி. கிடையாது, ரோஸ் கலர்ல பஸ் மினின்னு ஓடும், 1998 வரைக்கும் ஓடுச்சு, நிக்கறதுக்குக்கூட எடம் இருக்காது. அந்தப் பெட்டியோட எங்கள எந்தப் பஸ்காரனும் ஏத்த மாட்டேங்கிறான். அப்பா யார்கிட்டயும் சத்தம் போடல, பெட்டியத் தலையில வெச்சுக்கிட்டு நாலு ஸ்டாப் தள்ளி நடந்து போனாரு, அங்க பஸ் கொஞ்சம் காலியா வரும்னு ஒரு மலாய்க்கார அங்கிள் சொன்னாருன்னு. அந்த அங்கிள் சொன்னது சரிதான், ஏத்திக்கிட்டாங்க. எனக்கு இன்னிக்கும் வெளியூர்ல இருந்து பெட்டியோட வந்து எறங்கற புள்ளைங்களப் பார்த்தா அந்த நாலு ஸ்டாப்தான் ஞாபகம் வரும், இத இவ்வளவு நீளமா எழுதறதுக்கும் அதுதான் காரணம்.

இப்ப அவ்வளவு கஷ்டம் இல்ல. ஒரு டச் அண்ட் கோ கார்டு வாங்கிக்கோங்க, எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., கே.டி.எம். ரயில், பஸ் எல்லாத்துக்கும் அதுதான். கார்டு இல்லாட்டி எல்.ஆர்.டி.ல மெஷின்ல நீலக்கலர் டோக்கன் வாங்கிப் போயிரலாம், சின்ன நோட்டா வெச்சுக்கோங்க. ஆனா ரேப்பிட் கே.எல். பஸ்ல காசு வாங்க மாட்டாங்க, கார்டுதான். இது தெரியாம அஞ்சு வெள்ளி நோட்ட நீட்டிட்டு நிக்கறவங்கள வாரத்துக்கு ஒருத்தரையாவது பார்க்கறேன், டிரைவர் பாவம் தலைய ஆட்டுவாரு, பின்னாடி வரிசை நிக்கும். பஸ் ஸ்டாப்புல சும்மா நின்னா பஸ் நிக்காது, கைய நீட்டணும். எறங்கறதுக்கு பெல் அடிக்கணும். மாசம் 50 வெள்ளிக்கு ஒரு பாஸ் இருக்குன்னு கேள்விப்பட்டு எல்லாரும் கேப்பாங்க, அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்.

மழையப் பத்தி ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு எப்படிச் சொன்னாலும் புரியறதில்ல. “எங்க ஊர்லயும் மழை பெய்யும்க்கா”ன்னு என் தங்கச்சியும் சொன்னா. இங்க மழை வேற மாதிரி. காலையில பளிச்சுன்னு வெயில் அடிக்கும், மதியம் சாப்பிட்டு முடிச்சா வானம் கறுக்கும், மூணு மூணரைக்கு ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துரும், ஏப்ரல்லயும் அக்டோபர் நவம்பர்லயும் அனேகமா தினமும். இடி மின்னல் பயங்கரமா இருக்கும், கிள்ளான் பள்ளத்தாக்குல மின்னல் சாதாரண விஷயம் இல்ல, மரத்தடியில மட்டும் ஒதுங்கி நிக்காதீங்க, கேம்பஸ்ல பெரிய பெரிய மழைமரம் இருக்கு, நிழல்னு போய் நின்னுராதீங்க. கட்டடத்துக்குள்ள இருங்க. குடை உதவாது, முழங்கால் வரைக்கும் நனையும், அதனால லேப்டாப்புக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, காலுக்கு நனைஞ்சா காயற செருப்பு ஒண்ணு பையில.

அதே நேரத்துல கிராப் கூப்பிடாதீங்க. மழையும் அஞ்சு மணி டிராஃபிக் ஜேமும் சேர்ந்தா காசு ரெண்டு மடங்கு காட்டும், காடியும் வராது. அப்ப செய்ய வேண்டிய காரியம் ஒண்ணுதான், பக்கத்துல ஒரு மாமாக் கடையில உக்காந்து ஒரு தே தாரிக், ஆத்துன பால் டீ, சொல்றது. மாமாக் கடைன்னா இந்திய முஸ்லிம்கள் நடத்தற கடை, பல கடை ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும், மாணவர்களுக்கு அது இன்னொரு லைப்ரரி மாதிரி. பரோட்டா மாதிரி ஒரு ரொட்டி சானாய், ஒரு டீ சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தாலும் யாரும் எழுந்திரின்னு சொல்ல மாட்டாங்க. நிறைய இடத்துல தமிழ்லயே பேசலாம். ஆனா டீ மட்டும் ஊரு டீ மாதிரி எதிர்பார்க்காதீங்க. “தே”ன்னு மட்டும் சொன்னா டின் பால் போட்டுத் தித்திப்பா வரும். பால் வேணாம்னா தே ஓ, பாலும் வேணாம் சீனியும் வேணாம்னா தே ஓ கொசோங், இஞ்சி டீன்னா தே ஹாலியா, தித்திப்புக் கம்மியா வேணும்னா கூடவே “குராங் மானிஸ்”னு சொல்லுங்க. என் தங்கச்சி ரெண்டாவது வாரமே “அண்ணே, தே ஹாலியா, குராங் மானிஸ், தாபாவ்”னு ஒரே மூச்சுல சொல்லக் கத்துக்கிட்டா. தாபாவ்னா பார்சல்.

சைவம் சாப்பிடறவங்க கொஞ்சம் கவனமா இருக்கணும். பார்க்க வெறும் காய்கறியா இருக்கும், உள்ள பெலாச்சான் போட்டிருப்பாங்க, அது இறால்ல செய்யறது. கங்கோங் கீரை பொரியல் பெரும்பாலும் அதுலதான் வதக்குவாங்க. நாசி லெமாக்ல, அதாவது தேங்காய்ப்பால் சோத்துல, சம்பலுக்குள்ள நெத்திலி இருக்கும். சீனர் கடையில வெஜிடேரியன்னு போட்டிருந்தா கோழி மாதிரி மீன் மாதிரி எல்லாம் சோயாவுல செஞ்சு வெச்சிருப்பாங்க, பார்த்துப் பயப்பட வேணாம், நல்லாருக்கும், முட்டை இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க. மலாய்க் கடையில “தாக் மாவ் டாகிங், தாக் மாவ் ஆயாம், தாக் மாவ் இக்கான், தாக் மாவ் தெலுர்”, கறி வேணாம் கோழி வேணாம் மீன் வேணாம் முட்டை வேணாம், அவ்வளவுதான். கேட்டா முகம் சுளிக்க மாட்டாங்க, இந்த ஊர்ல எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு சாப்பிடக் கூடாது, அதனால கேக்கறது பழக்கம்.

கேம்பஸ் உள்ள சில பழக்கவழக்கம் இருக்கு. ஆபீஸ் கவுன்டர் எதுக்குப் போறதா இருந்தாலும் ஷூ போட்டுக்கிட்டு, கை மூடின சட்டையோட, முழு நீள பேன்ட்டோ பாவாடையோ போட்டுப் போங்க. அரசாங்க ஆபீஸ்ல சிலிப்பர், அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டைன்னா உள்ள விடறதில்ல. வெள்ளிக்கிழமை மதியம் 12.15-ல இருந்து 2.45 வரைக்கும் தொழுகை இடைவேளை, அந்த நேரத்துல போய் கவுன்டர்ல நிக்காதீங்க. என் தங்கச்சிக்கு ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்துச்சு, வெள்ளிக்கிழமை 12 மணிக்குப் போய் நின்னா, மூணு மணிக்கு ஆள் வந்தாரு, அவரு பார்க்க வேண்டிய இன்னொருத்தரு அன்னிக்கி லீவு, திங்கக்கிழமை பொது விடுமுறை, ஆக செவ்வாய்க்கிழமைதான் வேலை நடந்துச்சு. ரெண்டு மாசத்துல அஞ்சு நாள் போறதுன்னா சின்ன விஷயம் இல்ல. இந்த நாட்டுல பொது விடுமுறை நிறைய, நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் கே.எல்.லே காலியாயிரும், சாப்பாட்டுக் கடைகூட மூடியிருக்கும். டிக்கெட் போடும்போதே காலண்டரப் பாருங்க, யுனிவர்சிட்டி செமஸ்டர் லீவையும் பாருங்க. லைப்ரரிக்கு வெளியாள் போறதுக்கு உங்க கல்லூரியில இருந்து ஒரு கடிதம், ஆங்கிலத்துல, முத்திரையோட, நாலஞ்சு நகல் எடுத்துட்டு வாங்க. கேட்ல இருந்து கவுன்டர் வரைக்கும் எல்லா இடத்துலயும் அந்தக் கடிதம் பேசும்.

தமிழ் படிக்கறவங்களுக்கு இந்தக் கேம்பஸ் வெறும் கேம்பஸ் இல்ல. இந்திய ஆய்வியல் துறை 1956-ல ஆரம்பிச்சது, அப்ப யுனிவர்சிட்டி சிங்கப்பூர்ல இருந்துச்சு, அப்புறம்தான் கே.எல்.லுக்கு வந்துச்சு. தனிநாயகம் அடிகள் 60-கள்ல அந்தத் துறைக்குத் தலைவரா இருந்தாரு, 1966-ல முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இந்த ஊர்லதான் நடந்துச்சு. சென்னையில ரெண்டாவதுதான், 1968-ல. நான் படிச்சப்ப அந்தத் துறை வராண்டாவுல உக்காந்து தோட்டத்துப் புள்ளைங்க நாங்க மதியச் சாப்பாட்டப் பகிர்ந்து சாப்பிடுவோம், எங்க அப்பா அம்மாவெல்லாம் பால் வெட்டுனவங்க, எங்களுக்கு அந்த வராண்டா எவ்வளவு பெருசுன்னு வெளியில இருந்து பார்க்கறவங்களுக்குத் தெரியாது. அங்க போறவங்க ஒரு அரை மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வாங்க. தங்கச்சி அப்படி உக்காந்து எனக்கு ஒரு போட்டோ அனுப்புனா, நான் அத வேலையிடத்துல ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் பிரிக்பீல்ட்ஸ் போவாங்க, கே.எல். சென்ட்ரல்ல எறங்கி மால் வழியா நடந்தா வந்துரும், துன் சம்பந்தன் ரோடு முழுக்கப் பூக்கடை, புடவைக்கடை, பலகாரக்கடை. ஊர் ஞாபகம் வந்து சோர்ந்து போற நாளுக்கு நல்ல மருந்து. அங்க ஒரு விஷயம் மட்டும் தயவுசெஞ்சு கவனிங்க. பார்வையற்றோர் சங்கம் அந்தப் பகுதியிலதான் இருக்கு, பார்வை இல்லாதவங்க நிறையப் பேர் கோலோட நடந்து போவாங்க, நடைபாதையில புடைப்பாக் கோடு போட்டிருக்கறது அவங்களுக்கு. அது மேல பெட்டிய வைக்காதீங்க, கும்பலா நின்னு போட்டோ எடுக்காதீங்க. நானே எத்தனை தடவை மோட்டரக்கூட அது மேல நிறுத்தியிருக்கறதப் பார்த்திருக்கேன், ஒரு பெரியவரு கோலத் தட்டித் தட்டி அதச் சுத்தி ரோட்டுல எறங்கி நடந்தாரு. அது தாங்க முடியல எனக்கு.

பத்துமலைக்கு கே.டி.எம். ட்ரெயின் கே.எல். சென்ட்ரல்ல இருந்து நேரா போகுது, எறங்கினா கோயில் வாசல்தான், 272 படி. காலையில சீக்கிரம் போயிருங்க, ஒன்பது மணிக்கு மேல வெயிலும் கூட்டமும், குரங்கு வேற கையில இருக்கற பையப் பிடுங்கும். தைப்பூசத்துக்கு வர்றதா இருந்தா அது தனியா ஒரு கட்டுரை எழுதணும்.

பாதுகாப்பு பத்திப் பொம்பளைப் புள்ளைங்க எல்லாரும் கேப்பாங்க. நான் உள்ளத சொல்றேன். கே.எல். பயப்பட வேண்டிய ஊரு இல்ல, ஆனா பை பறிக்கறது உண்டு, மோட்டர்ல ரெண்டு பேரா வந்து இழுத்துட்டுப் போவாங்க. அதனால பைய ரோட்டுப் பக்கம் தொங்க விடாதீங்க, உள்பக்கத் தோள்ல மாட்டுங்க, எதிர்ல வர்ற வண்டியப் பார்த்தபடி நடங்க, நடக்கும்போது கையில போன நீட்டிப் பிடிச்சு மேப் பார்க்காதீங்க, நின்னு சுவர் பக்கமாத் திரும்பிப் பாருங்க. யாராவது இழுத்தா விட்டுருங்க. பையப் பிடிச்சுக்கிட்டு விழுந்து அடிபட்டவங்க இருக்காங்க, பாஸ்போர்ட்ட ரூம்லயே வெச்சுட்டு நகல் மட்டும் எடுத்துப் போனா விடறதுக்கு மனசு வரும். ராத்திரி எல்.ஆர்.டி. நடுராத்திரி வரைக்கும் ஓடும், ஆனா ஸ்டேஷன்ல இருந்து ரூமுக்கு வர்ற அந்த ஜெஜாந்தாஸ் வெளிச்சமா இருக்கான்னு பகல்லயும் ஒரு தடவை, ராத்திரி யாராவது கூட இருக்கும்போது ஒரு தடவையும் நடந்து பார்த்து வெச்சுக்கோங்க. இருட்டா இருந்தா பத்து வெள்ளி போனாப் போகுதுன்னு கிராப்ல வாங்க. அவசரத்துக்கு 999.

டெங்கி இருக்கு. கொசு மருந்து தடவிக்கோங்க, முக்கியமா காலையிலயும் சாயங்காலமும். காய்ச்சல் ரெண்டு நாளைக்கு மேல இருந்தா மாத்திரை போட்டுப் படுத்துக்காம கிளினிக் போய் ரத்தம் பாருங்க. பைப் தண்ணிய அப்படியே குடிக்காதீங்க, கொதிக்க வெச்சோ ஃபில்டர்லயோ.

தங்கச்சி அந்த ரூம மூணாவது நாளே விட்டுட்டா. முன்பணத்துல பாதி திரும்பி வரல, போகட்டும்னு விட்டுட்டோம். செக்‌ஷன் 17-ல ஒரு சீன ஆன்ட்டி வீட்டுல மேல்மாடி ரூம் கிடைச்சுது. அந்த ஆன்ட்டிகிட்ட நான்தான் போன் பண்ணிக் கேட்டேன், மழை பெய்யும்போது பஸ் ஸ்டாப்புக்கு எப்படிப் போவீங்கன்னு. அவங்க சிரிச்சுட்டு, கடை வரிசை அஞ்சடிக்குள்ளயே போயிரலாம், கடைசி இருபது அடிதான் நனையும்னு சொன்னாங்க. அஞ்சடின்னா கடைகளுக்கு முன்னாடி கூரைக்குக் கீழ நடக்கற வழி, பழைய கடைவீதி எல்லாத்துலயும் இருக்கும். அந்த ரூம்ல இருந்து கேம்பஸுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல, முதல் ரூமவிட தூரம் ஜாஸ்தி. ரெண்டு மாசத்துல ஒரு நாள்கூட அவ நனைஞ்சுட்டு வந்தேன்னு சொல்லல.

ஞாயித்துக்கிழமை மதியம் எங்க வீட்டுக்கு வந்துருவா. அப்பா பக்கத்துல உக்காந்து போன்ல ரெக்கார்டு போட்டுட்டு, பெரியப்பா அந்தப் பாட்டு சொல்லுங்க, இந்தப் பாட்டு சொல்லுங்கன்னு கேட்டுட்டே இருப்பா. அப்பாவுக்கு பாதி வரி மறந்து போச்சு, மறந்த எடத்துல தாளம் மட்டும் போட்டுக் காட்டுவாரு, அதையும் அவ எழுதிக்குவா. நான் வளர்ந்த வீட்டுல அந்தப் பாட்டெல்லாம் இருந்துச்சுன்னு எனக்கே அப்பத்தான் தெரியும்.

திரும்பிப் போறதுக்கு ரெண்டு விஷயம். ஏர்போர்ட்ல டெர்மினல் 1, 2 ரெண்டும் தனித்தனி கட்டடம், ஏர் ஏசியா 2-ல இருந்துதான் போகும், டிக்கெட்ட நல்லாப் பாருங்க, மாறிப் போயிட்டா ட்ரெயின் பிடிச்சு மாறணும். விடியக்காலை ஃப்ளைட்டுன்னா முதல் ட்ரெயின நம்பாதீங்க, முன்னாடி நாள் ராத்திரியே கிராப் புக் பண்ணி வெச்சுருங்க, இல்ல தெரிஞ்சவங்க யாரையாவது கேளுங்க, இங்க யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. அவள நான்தான் காலையில நாலு மணிக்கு ஏத்திக்கிட்டுப் போனேன். காடியில இருந்து எறங்கும்போது பையத் துழாவி அடாப்டரையும் டச் அண்ட் கோ கார்டையும் எடுத்து என் கையில வெச்சா, “அடுத்து யாராவது வருவாங்கக்கா”ன்னு. கார்டுல 11 வெள்ளி சொச்சம் இருந்துச்சு. அதுக்கப்புறம் மூணு பேர் அதப் பயன்படுத்திட்டாங்க, ஒவ்வொருத்தரும் போகும்போது கொஞ்சம் காசு போட்டு வெச்சுட்டுப் போறாங்க, இப்ப எங்க வீட்டு வாசல் அலமாரி மேல் டிராயர்ல இருக்கு.